கத்தமும் நிக்காஹும் ஒரே நாளில்

கண்டி, கொழும்பு வீதி
14 மார்ச் 1937

அன்புள்ள ராத்தா உம்மு குல்சும் அவர்களுக்குத் தம்பி மஹ்ரூப் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அனீஸாவும் பிள்ளைகளும் தம்பி மர்சூக்கும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? முஹைதீன் மச்சானின் இருமல் நின்றதா? நாவலப்பிட்டி மழையில் இருமல் நிற்காது என்று தெரியும். இருந்தாலும் ராத்தாவின் மாப்பிள்ளையைச் சுகம் கேட்க வேண்டிய முறை உண்டே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வாப்பா மவுத்தாகி வருகிற ரஜப்போடு ஒரு வருஷம். வருஷக் கத்தம் செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை என்று வைத்துவிட்டேன். ஓதிச் சோறு போட்டு அனுப்புகிறதோடு முடிகிற கத்தம் இல்லை இது. ஓதி முடிந்ததும் வாப்பாவின் சரித்திரத்தை நானே எழுந்து நின்று சொல்லப் போகிறேன். கட்டுக்கலையில் ஒற்றை மாட்டு வண்டி ஓட்டிய மனிதன், பெண்சாதி பிள்ளைகளை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் பட்டாளத்தோடு இராக்கின் பஸராவுக்குக் கப்பலேறினார் என்பது இந்தக் கடைத்தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரை "எனாமல் கடை மஹ்ரூபின் வாப்பா" என்றுதான் சொல்கிறார்கள். அது தலைகீழ் வழக்கு. நான்தான் ஸெய்னுலாப்தீனின் மகன்.

அவர் போன 1918இல் நான் கொழும்பில் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது உம்மாவும், நீங்களும், கைக்குழந்தை மர்சூக்கும். உம்மாவும் இப்போது இல்லை. ஆகவே ஞாபகம் இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் நீங்கள்தான் எழுத வேண்டும்.

இனிப் பெரிய விஷயம். உட்கார்ந்து படியுங்கள். அதே நாளில், அதே பந்தலில், மர்சூக்குக்கு நிக்காஹ். பெண் யார் தெரியுமா? திகனையில் இருக்கிற ஹபீலா! வாப்பாவோடு ஒரே கப்பலில் போய் ஒரே கப்பலில் திரும்பிய ஜமால்தீன் சாச்சாவின் ஒரே மகள். இது என் யோசனை என்று நினைக்க வேண்டாம், வாப்பாவின் யோசனை. பஸராவிலிருந்து வந்த வருஷம் முதல் தன் கடைசிப் பெருநாள் வரை அவர் அந்தப் பிள்ளைக்கு வருஷம் தவறாமல் பெருநாள் உடுப்பு அனுப்பினார். நம் ஆட்களில் ஒருவர் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு இப்படி உடுப்பு அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? மருமகளாக மனதில் முடித்துவிட்டார் என்றுதானே? வாயால் சொல்லாமல் போய்விட்டார். மகன் புரிந்துகொண்டேன்.

மறுதபாலில் பதில் எழுதுங்கள். உங்கள் சந்தோஷத்தை இங்கிருந்தே கேட்கிறேன்.

உங்கள் துஆவை நாடும்
மஹ்ரூப்


நாவலப்பிட்டி
31 மார்ச் 1937

அருமைத் தம்பி மஹ்ரூபுக்கு, உன் ராத்தா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம். மச்சானின் இருமல் இருக்கிறது, என் முழங்காலும் இருக்கிறது, மற்றபடி குறை இல்லை. அனீஸா மெலிந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். உன் கடைக் கணக்கை வீட்டில் வந்தும் வாயால் போட்டுக்கொண்டிருந்தால் யார்தான் மெலியாமல் இருப்பார்கள்.

வாப்பாவைப் பற்றிக் கேட்டாய். எழுத ஆரம்பித்தால் கை நிற்கவில்லை. பட்டாளத்துக்குப் போகும் அன்று காலை மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டுப் பிறகுதான் உம்மாவிடம் சொல்லிக்கொண்டார். உம்மா அதைச் சாகும்வரை மறக்கவில்லை. "எனக்கு முந்தி மாட்டுக்கு ஸலாம் சொன்ன மனுசன்" என்பாள். அங்கே அவருக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. கோவேறு கழுதைகளில் தண்ணீர் ஏற்றி வந்து, முகாமுக்கெல்லாம் கொதிக்க வைக்கிற வேலை. நீ ஒரு தரம் கேட்டாய், நினைவிருக்கிறதா? "வாப்பா, யாரையாவது சுட்டீங்களா?" என்று. "தண்ணியைத்தான் சுட வைச்சேன்" என்றார்.

1919 கடைசியில் திரும்பி வந்தார். வந்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க ஒருவரையும் விடவில்லை. பெருநாள் காலையில் நம்மை உயர வரிசையில் நிறுத்தி, நகத்தையும் காதையும் பார்த்த பிறகுதான் புது உடுப்புத் தருவார். உம்மாவுக்குக் கை வீங்கிய வருஷம் எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். கழுதைக்கு முடிந்த கயிறு மாதிரி இறுக்கிப் பின்னுவார், கண் ரெண்டும் மேலே இழுத்துக்கொள்ளும். புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு வாப்பா தலை பின்னுவதைப் பார்த்து அயல் பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

மர்சூக் விஷயம் எழுதியிருந்தாய். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. என்ன அவசரம்? கத்தத்தை முதலில் பார்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
உம்மு குல்சும்


கண்டி
8 ஏப்ரல் 1937

அன்புள்ள ராத்தா அவர்களுக்கு, ஸலாம். இங்கே சகலரும் சுகம். அனீஸா மெலியவில்லை, உங்களுக்குச் சொன்னவருக்குக் கண்ணாடி போட வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக் எடுத்த தேத்தண்ணிக் கேத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார். போகட்டும். மாட்டுக் கதையைக் கட்டாயம் சொல்லப் போகிறேன்.

ஆனால் ராத்தா, கப்பலேறினார் என்று எழுதினீர்கள், அடுத்த வரியில் திரும்பி வந்தார் என்று எழுதினீர்கள். நடுவில் ஒன்றரை வருஷம் எங்கே? வாப்பா அங்கே இருக்கும்போது நீங்கள் இங்கே எப்படி இருந்தீர்கள்? அதையும் எழுதுங்கள். படைக்குப் போனவனின் சரித்திரத்தில் பாதி அவன் வீட்டில் நடந்ததுதான்.

ஒரே வயசு என்றீர்கள். மர்சூக் ஜனவரி, ஹபீலா செப்டம்பர். மாப்பிள்ளைதான் மூப்பு. இது ஒரு காரணமா?

போன ஞாயிறு திகனைக்குப் போனேன். ஜமால்தீன் சாச்சா மவுத்தாகி ஆறு வருஷமாகியும் கைரியா சாச்சி வீட்டை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்! விஷயத்தைச் சொன்னேன். சாச்சி திரைக்குப் பின்னாலிருந்து, "பார்ப்போம் மகன்" என்றார்.

"பார்ப்போம்" என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? இருபது வருஷமாகக் கடைத்தெருவில் கேட்கிற சொல். சரக்குப் பிடித்துவிட்டது, விலை படியவில்லை என்று அர்த்தம். கைம்பெண், சீதனத்துக்குப் பயப்படுகிறார். ஒரு சல்லி சீதனம் வேண்டாம் என்று அடுத்த முறை சொல்லப் போகிறேன்.

மஹ்ரூப்


நாவலப்பிட்டி
22 மே 1937

அருமைத் தம்பிக்கு, ஸலாம். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. சின்னவனுக்கு அம்மை போட்டிருந்தது. இப்போது தண்ணீர் வார்த்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

ராசாவுக்கு முடிசூட்டிய அன்று இங்கே ஸ்டேஷனுக்கெல்லாம் கொடி கட்டினார்கள். நீ ராசா படம் போட்ட எனாமல் கோப்பை இறக்கி, கண்டியில் பாதிப் பேருக்கு விற்றுவிட்டாயாம். மச்சான் சொல்லிச் சொல்லி வியக்கிறார்.

வாப்பாவுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் அந்தக் காக்கிக் கோட்டு. நவம்பரில் பழைய பட்டாளத்தார் கூடும் நாளில் மெடலைக் குத்திக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்கு வருவார். உம்மாவுக்கு அன்றைக்கு ஓய்வு. அவரே ஆணம் காய்ச்சுவார். உப்புக் கூடும். ஒருவரும் சொல்ல மாட்டோம். ஒருவருக்குக் கொடுத்த வாக்கை விடுவது அவருக்குத் தெரியாது. அதை நீ கத்தத்தில் சொல்ல வேண்டும்.

திகன பஸ் பாதை மோசம் என்கிறார்கள். அந்தப் பிள்ளை தாயை விட்டுப் பிரிந்திருந்து பழகாதவள். குண்டசாலையில் நல்ல குடும்பத்தில் ஒரு பெண் இருக்கிறதாம், மச்சானின் சினேகிதர் சொன்னார். விசாரித்துப் பாரேன்.

எல்லோருக்கும் ஸலாம்.
உம்மு குல்சும்


கண்டி
3 ஜூன் 1937

மதிப்புக்குரிய கைரியா சாச்சி அவர்களுக்கு, மஹ்ரூப் ஸலாம் கூறி எழுதுவது. தங்கள் சுகத்துக்கும் தங்கள் மகளின் சுகத்துக்கும் துஆ செய்கிறோம்.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். சீதனமாக ஒரு சல்லியும் எங்களுக்கு வேண்டாம். மர்சூக் என் கடையில் பங்காளி, சம்பளக்காரன் அல்ல. கலியாணம் முடிந்த பிறகு தாங்கள் தனியாகத் திகனையில் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுக்கலையில் வாப்பாவின் வீட்டில் கீழ்ப் பகுதி காலியாகத்தான் இருக்கிறது. மகளோடு வந்து இருங்கள். இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளை வீட்டான் இறங்கி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வாப்பாவும் ஜமால்தீன் சாச்சாவும் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். அவர்கள் ஆசையை நாம் ரெண்டு பேரும் நிறைவேற்றி வைப்போம்.

தங்கள் மகன் போன்ற
மஹ்ரூப்


திகன
26 ஜூன் 1937

அன்பு மகன் மஹ்ரூபுக்கு, கைரியா சாச்சி எழுதுவது. அல்லாஹ் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக.

நீங்கள் எழுதியதை வாசித்து அழுதேன். இவ்வளவு நல்ல மனசுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் வாப்பா இருந்திருந்தால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. கத்தம் நல்லபடியாக முடியட்டும். அதற்குப் பிறகு பேசுவோம் மகன். இப்போது வேண்டாம். உங்கள் ராத்தாவிடம் கலந்தீர்களா? அவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

துஆவுடன்
கைரியா


கண்டி
5 ஜூலை 1937

அன்புள்ள ராத்தா அவர்களுக்கு, ஸலாம். சகலரும் சுகம், நான் மட்டும் சந்தோஷத்தில் தூக்கமில்லாமல் இருக்கிறேன்.

முடிந்துவிட்டது! கைரியா சாச்சி "அழுதேன்" என்று எழுதியிருக்கிறார், "மாட்டேன்" என்று எழுதவில்லை. பெரியவர்கள் வழியாகப் போகட்டும் என்று முறை பார்க்கிறார். "உங்கள் ராத்தாவிடம் கேளுங்கள்" என்று எழுதியிருப்பது அதற்குத்தான். நீங்கள் ஒரு வரி அவருக்கு எழுதிப் போட்டால் தீர்ந்தது.

அதற்கிடையில் அனீஸாவை அனுப்பினேன். பெண்கள் உள்ளே போய்ப் பேசினால் பாதி வேலை லேசு. ஹபீலாவிடமே நேரே கேட்டிருக்கிறாள். அவள் வெட்கப்பட்டு, "உம்மா சரியெண்டா எனக்கும் சரி" என்றாளாம். நல்ல கெட்டிக்காரி என்று அனீஸா அவள் பேச்சையே பேசுகிறாள். மர்சூக்கோ, நான் கேட்கும் முன்னமே தலையாட்டிவிட்டான். அவனுக்கு ஒரு ரலி சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். கடைக்கு முன்னால் அதைத் துடைத்துத் துடைத்தே பெயின்டைக் கழற்றிவிடுவான் போல.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பள்ளி முற்றத்தில் வைத்து நானே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நிக்காஹ் எழுதும் லெப்பையும் சந்தோஷப்பட்டார். அழைப்புக் கடுதாசி அச்சுக்குப் போய்விட்டது. மேல் பாதியில் வருஷக் கத்தம், கீழ்ப் பாதியில் நிக்காஹ். ராத்தா, உங்களுக்குத் தெரியும், எனக்கு வாப்பா வைத்துவிட்டுப் போன கடை ஒன்றுமில்லை. என் சொல்லை நம்பித்தான் முதல் சரக்கைக் கடனாகத் தந்தார்கள். மஹ்ரூபின் வாயில் வந்த சொல் திரும்பிப் போனதில்லை என்று இந்தத் தெருவில் பெயர். அந்தப் பெயரை இந்த நிக்காஹில் வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
மஹ்ரூப்


கண்டி
14 ஆகஸ்ட் 1937

ராத்தா, ஸலாம். சுகமா?

ஐந்து கிழமையாயிற்று, ஒரு வரி இல்லை. மச்சானுக்குத் தனியாக எழுதினேன், "அவள் எழுதுவாள்" என்று மூன்றே சொல் வந்தது. பெரஹெரா ஊர்வலத்துக்கு வாருங்கள் என்றேன், வரவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்? உங்களைக் கேட்காமல் பள்ளியில் சொன்னேன் என்று கோபமா? அப்படியென்றால் ஏசி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்க வேண்டாம். கடன்காரன் பேசாமல் இருந்தால் எனக்கு விளங்கும். கூடப் பிறந்தவள் பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதைத் தபாலில் போடவில்லை. ரயிலில் வரும் செல்லச்சாமி அண்ணன் கையில் கொடுக்கிறேன். உங்கள் பதிலை வாங்காமல் திரும்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மஹ்ரூப்


நாவலப்பிட்டி
15 ஆகஸ்ட் 1937

அருமைத் தம்பி, ஸலாம்.

செல்லச்சாமி அண்ணன் வெளிக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் முடிப்பதற்குள் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

நீ கேட்ட ஒன்றரை வருஷம் இதோ. வாப்பா கப்பலேறிய வருஷம் ஊரெல்லாம் அந்தச் சளிக்காய்ச்சல் வந்தது. ஜமால்தீன் சாச்சாவின் பெண்சாதி கட்டுக்கலையில் நமக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தாள். கைரியா சாச்சி இல்லை, அவருடைய மூத்த ராத்தா. பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் கழியவில்லை, காய்ச்சலில் போய்விட்டாள். புருஷன் பஸராவில். குழந்தையைத் தொடப் பயந்து ஒருவரும் கிட்டப் போகவில்லை. நம் உம்மா போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். மர்சூக் அப்போது உம்மாவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் அவனுக்கு, ஒரு பக்கம் அவளுக்கு. ஒரு மாசத்துக்கு மேல் அப்படித்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

விளங்குகிறதா மஹ்ரூப்? ஹபீலா நம் உம்மாவின் பால் குடித்த பிள்ளை. மர்சூக்குக்கு அவள் தங்கச்சி. உனக்கும் எனக்கும் தங்கச்சி. வாப்பாவுக்கு மகள். வாப்பா அனுப்பியது மருமகளுக்கான உடுப்பு இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு வாங்குகிற மாதிரி அந்தப் பிள்ளைக்கும் வாங்கினார்.

பிறகு கைரியா சாச்சி ஊரிலிருந்து வந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். சாச்சா திரும்பி வந்து கைரியா சாச்சியையே நிக்காஹ் செய்துகொண்டு, தெரிந்தவர்கள் இல்லாத திகனையில் போய்க் குடியிருந்தார்கள். அவருக்கு வேறு பிள்ளை இல்லை. தான் பெற்ற தாய் இல்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று உம்மாவிடமும் வாப்பாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கினார். பால் கொடுத்ததைச் சொன்னால், தாய் எங்கே போனாள் என்ற கேள்வி வரும். தாய்க்குச் சுகமில்லை என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். லெப்பை என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். சாட்சியில் பொய் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். வாப்பா மாசா மாசம் திகனைக்குப் போவார், உனக்குத் தெரியும். ஹபீலா பெரிய பிள்ளையான பிறகு அந்நிய ஆண் மாதிரித் திரைக்கு வெளியே உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். தன் மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஹலால். உள்ளே போனால் ஏன் என்று அவள் கேட்பாள். அதனால் மவுத்தாகும் வரை போகவில்லை.

கைரியா சாச்சி தானே சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்தார். நீ எங்கள் ரெண்டு பேரோடும் பேரம் பேசிக்கொண்டிருந்தாய்.

நிக்காஹை நிறுத்து தம்பி. காரணம் சொல்லாமல் நிறுத்து.

உம்மு குல்சும்


கண்டி
24 ஆகஸ்ட் 1937

ராத்தா, ஸலாம்.

முதல் நாள் உங்கள் மேல் கோபம் வந்தது. ரெண்டாம் நாள் வாப்பா மேல். மூன்றாம் நாள் என் மேலேயே வந்தது. பிறகு கடையைத் திறந்தேன்.

பெயரைச் சொல்லாமல் லெப்பையிடம் கேட்டேன். வயிறு நிறைய ஐந்து தரம் குடித்திருந்தாலே போதும், கூடப்பிறந்தவள் கணக்குத்தான், நிக்காஹ் ஹராம் என்றார். நீங்கள் ஒரு மாசம் என்கிறீர்கள்.

காரணம் சொல்லாமல் நிறுத்து என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அழைப்புக் கடுதாசி குருநாகல் வரை போய்விட்டது. காரணமில்லாமல் நிறுத்தினால், வசதி வந்ததும் கைம்பெண்ணின் மகளைக் கைவிட்டவன் என்று ஊர் சொல்லும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு சொல் ஒட்டும், மாப்பிள்ளை வீட்டார் எதையோ கண்டுதான் விட்டார்கள் என்று. ஆகவே பழி முழுவதும் என் மேல் வருகிற மாதிரி ஒரு பொய் தேவை. கடை நொடித்துவிட்டது என்று சொல்லப் போகிறேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிடக் கெட்ட சொல் கிடையாது. பரவாயில்லை. வாப்பா அந்த முகத்தைப் பார்க்காமலே இருந்தார். நான் என் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அடுத்த புதன் அனீஸாவோடு திகனைக்குப் போகிறேன். துஆ செய்யுங்கள்.

மஹ்ரூப்


கண்டி
3 செப்டம்பர் 1937

என் அன்பு ராத்தாவுக்கு, ஸலாம், ஸலாம், இன்னொரு ஸலாம்! எல்லோரும் சுகம். இவ்வளவு சுகமாக இருந்து எத்தனையோ நாள்.

முதலில் கடைத்தெருவைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டிருப்பீர்கள். இன்று ஜும்ஆ முடிந்ததும் அதே முற்றத்தில் நின்றேன். நிக்காஹ் இல்லை, கத்தம் மட்டும்தான் என்றேன். ஏன் என்றார்கள். பெண் எங்கள் தங்கச்சி, எங்கள் உம்மா பால் கொடுத்தவள், எனக்கே இப்போதுதான் தெரிய வந்தது என்றேன். லெப்பை உரக்க அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அரிசிக் கடை ஹாஜியார், "தங்கச்சிக்குத் தம்பியையே மாப்பிள்ளை பார்த்துப் பந்தலும் போட்ட முதல் ஆள் நீதான்" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மர்சூக் ஒரு நேரம் சாப்பிடவில்லை. அடுத்த நேரம், சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். ஆறிவிடுவான்.

இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று நீங்கள் பதறுவது தெரிகிறது. சொல்லச் சொன்னதே ஹபீலாதான். கேளுங்கள்.

புதன்கிழமை போய் உட்கார்ந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் சாச்சியும் ஹபீலாவும். அனீஸாவும் உள்ளே போய்விட்டாள். நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். கடை நிலைமை சரியில்லை, கடன்காரர்கள் நெருக்குகிறார்கள், இந்த நிலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கஷ்டப்படுத்த என் மனம் ஒப்பவில்லை என்றேன். சாச்சி, அல்லாஹ் நாடியது அதுதான் போல என்று சொன்னபோது அவர் குரலில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. காரியம் முடிந்தது, எழும்பிப் போகலாம் என்று நினைத்தேன்.

அப்போது ஹபீலா அண்ணன் முறை வைத்துப் பேசினாள். "கடன்காரன் நெருக்குற ஆள் போன கிழமை புதுக் கண்ணாடி அலுமாரி வாங்கினது எப்படி நானா? அனீஸா மச்சி இப்பதானே சொன்னாங்க."

கண்டி, கொழும்பு, ரெண்டு இடத்து மொத்த வியாபாரிகளும் என்னை இப்படி மடக்கியதில்லை.

"பொய் வேணாம் நானா" என்றாள். "ஆரோ உங்களுக்குச் சொல்லிட்டாங்க. என்னைப் பெத்தவ மவுத்து, இது என் சாச்சி எண்டு. தாயில்லாத பிள்ளை வேணாமெண்டு வந்திரிக்கிறீங்க. அத நேராச் சொல்லுங்கோ."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. கைரியா சாச்சி அழவும் இல்லை. "ஆரு மகள்? ஆரு சொன்னது?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

தன் வாப்பாதான் என்றாள். ஜமால்தீன் சாச்சா மவுத்தாகிற கிழமை அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். உம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாள் என்றாராம். ஆறு வருஷமாகத் தாய் மகளுக்கு மறைக்கிறார், மகள் தாய்க்கு மறைக்கிறாள். ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு! "நீங்கதான் எனக்கு உம்மா. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்ல" என்று அவள் சொன்ன பிறகுதான் சாச்சி அழுதார். அனீஸாவும் சேர்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் நான் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் என்ன பொய் வேண்டியிருக்கிறது? நீங்கள் எழுதியது முழுவதையும் சொன்னேன். காய்ச்சலை, உம்மா போய்த் தூக்கி வந்ததை, ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் அவளுமாக வளர்ந்ததை. அவளுக்குத் தெரியாதிருந்தது அது ஒன்றுதான். சாச்சி உள்ளேயிருந்து ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஹபீலா, "அப்ப மர்சூக்?" என்று கேட்டாள்.

அவன் உனக்கு நானா, அண்ணன் என்றேன்.

"நீங்க?"

நானும்தான் என்றேன்.

திரை விலகியது. வந்து என் முன்னால் நின்றாள். எனக்குக் கண் தரையிலிருந்து எழும்பவில்லை ராத்தா, இத்தனை வருஷப் பழக்கம். அவள் காலும், சீலைக் கரையும்தான் தெரிந்தன.

"நிமிந்து பாருங்க நானா. ஹலால்தானே" என்றாள்.

பார்த்தேன். நம் வீட்டு ஜாடை எங்கேயிருந்து வரப் போகிறது, இல்லைதான். ஆனாலும் நம் வீட்டில் ஒருத்தி மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இனி மறைக்க வேண்டாம், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றாள். கத்தத்துக்குத் தாயையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வருகிறாளாம். பெண்கள் பக்கத்தில் உங்களோடு ஒரே பாயில் உட்காருவாளாம். நான் எழும்பும்போது, வாப்பா உன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவர்தான் என்னப் பார்க்கல்ல. நான் ஒவ்வொரு மாசமும் திரைக்குள்ளால அவரப் பார்த்துக்கொண்டுதான் இரிந்தேன் நானா. கைய முழங்கால்ல வெச்சிக்கொண்டு, ஏதோ தன்ட வீட்டுக்கு வந்த மாதிரி இரிப்பார். ஏனெண்டு எனக்கு விளங்கல்ல. இப்ப விளங்குது."

பதினாறாம் திகதி காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் தம்பி
மஹ்ரூப்